சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம்

கலையரசி மூன்றாவது தடவையாக உண்டானதிலிருந்து ஏழு மாதத்துக்குள் நான் நாலு பேரை அடித்துவிட்டேன். முதல் ஆள், அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன ஒரு ஷேர் ஆட்டோக்காரன். வேகத்தடையில் பிரேக் போடாமல் ஏற்றி இறக்கினான். கலை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் அவன் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டேன். இரண்டாவது ஆள் எங்கள் காலனியில் ஒரு சாவுக்கு வெடி போட்டுக்கொண்டு வந்தவன். என் வீட்டு வாசலில் சரத்தைப் போடாதே என்று சொன்னேன். போட்டான். அவன் தோளில் தொங்கிய வெடிப் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, அவனையும் அதற்குள்ளேயே தள்ளினேன். பாடை தூக்கி வந்தவர்களே அதை இறக்கி வைத்துவிட்டு எங்களை விலக்க ஓடி வந்தார்கள். மற்ற இரண்டு பேரைப் பற்றி வரும்போது சொல்கிறேன்.

என் பெயர் ராஜவேலு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் பட்டு நூலை அவித்து, சாயத்தில் முக்கி, ஈரத்தோடு கொக்கியில் மாட்டி, தடியைச் செருகி முறுக்கிப் பிழிய வேண்டும். பதினைந்து வயதிலிருந்து பிழிகிறேன். ராத்திரி படுத்தாலும் கை இரண்டும் எதையோ முறுக்கிக்கொண்டே இருப்பது போலிருக்கும். உடம்பு அலுத்துப் போனாலும் அந்த முறுக்கு மட்டும் அலுப்பதில்லை. அது யார் மேலாவது இறங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்படி ஒரு பிறவி.

எங்களுக்கு முன்னால் இரண்டு கரு போய்விட்டது. முதலாவது மூன்று மாதத்தில், இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இரண்டு தடவையும் டாக்டர் காரணம் சொன்னார். கருவின் வளர்ச்சியிலேயே கோளாறு, யாரும் எதுவும் செய்ததால் இல்லை என்றார். அது என் மண்டையில் ஏறவில்லை. முதல் தடவை அவள் குடத்தோடு நடந்தாள், இரண்டாவது தடவை தென்னேரியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போனாள். அசைந்ததால்தான் போனது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆகவே இந்தத் தடவை நாள் தள்ளியதும் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். சோறு கட்டிலுக்கு வந்தது. குளிக்கத் தண்ணீர் நான் ஊற்றினேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனால்கூடக் கத்தினேன்.

"என்ன பொட்டில போட்டுப் பூட்டி வெச்சிடேன்யா. பத்தாவது மாசம் தொறந்து பாத்துக்கலாம்" என்பாள் கலை.

ஆறாம் மாதம் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. செவிலியர் தீபிகா சின்ன வயசுப் பெண். கண்ணாடி போட்டிருப்பார். மெதுவாகத்தான் பேசுவார்.

"இது கர்ப்பத்துல வர்ற சுகர் அண்ணா. சாப்பாட்ட மாத்தணும். அப்புறம் நடக்கணும். மூணு வேளையும் சாப்ட்டுட்டு ஒரு இருவது நிமிஷம்."

"நடக்கிறதா? நடந்துதான் ரெண்டு போச்சு சிஸ்டர். கட்டில வுட்டு எறங்கவே வுடல நானு."

"யார் படுக்கச் சொன்னது? டாக்டரா?"

"நான்தான்."

"அதான் தப்பு. ஸ்கேன டாக்டர் பாத்துட்டாரு. நஞ்சுக்கொடி மேலதான் இருக்குது, கர்ப்பப்பை வாயும் நல்லா இருக்குது. அவங்க நடக்கிறதுக்குத் தடையே இல்ல. படுத்துக்கினே இருந்தா சுகர் இன்னும் ஏறும். கொழந்தைக்குதான் கெடுதல்."

மேசை மேல் ஓங்கிக் குத்தினேன். ஊசி வைத்திருந்த தட்டு எகிறிக் கீழே விழுந்தது. "இந்தப் புள்ளக்கி ஒண்ணு ஆச்சுன்னா ஒன்ன சும்மா வுட மாட்டேன்" என்றேன். வெளியே வரிசையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தீபிகா குனிந்து தட்டை எடுத்து வைத்தார். "மேஜை அரசாங்கத்துது. ஒடஞ்சா நீங்கதான் பதில் எழுதிக் குடுக்கணும். உக்காருங்க. நான் சொல்றத அக்கா கேட்டுக்கட்டும்."

கலையைப் பார்த்துச் சொன்னார். மேடு பள்ளம் இல்லாத தரையில் நடக்க வேண்டும். வழுக்காத செருப்பு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கையில் தண்ணீர் இருக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிகிற அளவுக்குத்தான் வேகம். பேச்சு திக்கி மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ, வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, பிள்ளை ஆட்டம் குறைந்தாலோ அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

"பேசிக்கினே நடக்கணுமா? இந்தாளு கூடவா?" என்றாள் கலை. "இவரு வாயத் தொறந்தாலே எனக்கு மூச்சு வாங்கும் சிஸ்டர்."

"அப்ப நீங்க பேசுங்க. அவர கேக்கச் சொல்லுங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் காலனியில் பாதாளச் சாக்கடைக்கு வெட்டிப் போட்ட பள்ளம் ஒரு வருஷமாக மூடாமல் கிடந்தது. சமமான தரை என்றால் அடுத்ததாக இருக்கும் நெசவுக்காரர்கள் தெருதான். சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் நிழல். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் கலை அந்தத் தெருவில் நடந்தாள். இரண்டடி பின்னால் நான். பட்டறைக்கு நேரம் கழித்துப் போய் முதலாளியிடம் திட்டு வாங்கினேன். பகலிலும் ராத்திரியிலும் அவள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்தபடி நடந்துகொள்வாள்.

நடக்கும்போது கலை என்னைத் திட்டிக்கொண்டே வருவாள். பேச்சு முட்டுகிறதா என்று பார்க்க அது அவளுக்கு வசதியாக இருந்தது. "ஏன்யா நாய மொறைக்கிற? அது பாட்டுக்குப் படுத்துக்கினு இருக்குது." "கையத் தொங்க வுட்டு நட. சினிமா அடியாளு மாதிரி இன்னாத்துக்கு வெரப்பா வர்ற?" ஒரு வாரத்தில் அவள் முகம் தெளிந்தது. கால் வீக்கம் வற்றியது. படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது என் கையைக் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளை வயிற்றுக்குள் உதைப்பதை நடு ரோட்டில் நின்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இரண்டாம் வாரத்தில் மூன்றாவது ஆள் வந்தான். காலேஜ் பையன். பைக்கில் பின்னாலிருந்து வந்து ஹாரனை அழுத்தினான். கலை திடுக்கிட்டு ஓரம் ஒதுங்கினாள். நான் ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கி, அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, அந்த ஹெல்மெட்டாலேயே அவன் முதுகிலும் மூஞ்சியிலும் நாலு போட்டேன். அவன் அழுதான். உதடு கிழிந்து சட்டையில் சொட்டியது. திரும்பிப் பார்த்தால் கலை ஒரு வீட்டுச் சுவரில் கை ஊன்றி நிற்கிறாள். வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், திட்டு வரவில்லை.

அன்றைக்கு சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. அரைமணி உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். இறங்கியிருந்தது. தீபிகா என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவை ஒட்டி நின்றதில் பேச்சு காதில் விழுந்தது.

"நடந்தா எனக்கு ஒண்ணும் ஆவல சிஸ்டர். நல்லாத்தான் இருக்குது. அந்தாளு யார் மேலயாவது பாஞ்சா எனக்கு இங்க படபடன்னு அடிச்சிக்குது, வயிறு கல்லு மாதிரி ஆயிடுது."

தீபிகா வெளியே வந்து என்னிடம் சொன்னார். "அண்ணா, வேற யாரையாவது கூட அனுப்புங்க. அவங்க நடை நல்ல நடை. உங்க சண்டைதான் கொழந்தைக்கு ஆவாது."

வேறு யார் இருக்கிறார்கள்? கலையின் தங்கை ஏஞ்சல் கம்பெனி வேலைக்குக் காலை ஐந்து மணி வேனில் போகிறவள். நானே போனேன். வாயை மூடிக்கொண்டு வருகிறேன் என்று கலையின் வயிற்றில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தத் தெருவில் ஜெயக்குமார் என்று ஒரு நெசவுக்காரன். என் வயசுதான் இருக்கும். அவன் அப்பா திருஞானசம்பந்தமும் அவனும் காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. பெருக்கல் குறி மாதிரி கட்டிய மூங்கில் கால்களின் மேல், இடுப்பு உயரத்தில், தெருவின் நடுவே பத்துப் பன்னிரண்டு வீட்டு நீளத்துக்கு விறைப்பாக நிற்கும். அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டபின் சுருட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் இருக்கும். ஜெயக்குமாரின் மனைவி மஹாலட்சுமிக்குக் கலையைப் பிடித்துப் போயிற்று. வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, "குந்திட்டுப் போங்கக்கா" என்பாள். ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

"அக்கா, பாவுக்கு அடியில மட்டும் குனிஞ்சு போயிடாதீங்க. தாண்டவும் கூடாது. வயித்துல இருக்கிறதுக்குக் கொடி சுத்திக்கும். எங்க ஊட்ல மாசமா இருக்கிறவங்கள பாவு பக்கத்துலயே வுட மாட்டாங்க."

கலை இதைத் தீபிகாவிடம் கேட்டாள். அதற்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வயிற்றோடு குனிந்து நுழைந்து தடுக்கி விழ வேண்டாம் என்றாராம். கலை அத்தோடு விட்டுவிட்டாள். எனக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாயத்தொட்டியில் நூலைப் புரட்டும்போதெல்லாம் ஒரு சின்னக் கழுத்தில் நூல் சுற்றுவது தெரிந்தது.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. கலைக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. நாங்கள் தெருக்கோடி வரை போய்த் திரும்பும்போது ஜெயக்குமார் வீட்டார் பாவு நீட்டி முடித்துவிட்டார்கள். தெருக்கோடியில் பள்ளம் வெட்டி வைத்திருந்ததால் அந்தப் பக்கம் வழி இல்லை. பாவை ஒட்டித்தான் திரும்ப வேண்டும். அன்றைக்கு இடது பக்கம் யாரோ வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். வலது பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் சாக்கடை மேல் போட்ட பலகைக் கல் உடைந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் பாவுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறினால்தான் வெளியே போக முடியும்.

கலை நின்றாள். "நான் இங்கயே முன்ன பின்ன நடந்துக்கினு இருக்கேன்யா. அவங்க சுருட்டட்டும்."

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. எனக்குள் முறுக்கு ஏறியது.

"ஜெயக்குமாரு, பாவ கொஞ்சம் எறக்கு. நாங்க போவணும்."

அவன் ஓர் இழையை விரலில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். "இப்ப எறக்கினா சிக்கு வுழுந்துடும்பா. பாதி முடிச்சுல நிக்குது. அர மணி நேரம் இரு."

"புள்ளத்தாச்சி வெயில்ல நிக்கிறா."

"நிழல்ல குந்தச் சொல்லு. லட்சுமி, அந்த ஸ்டூல எடுத்தாந்து போடு."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவன் நக்கல் பண்ணுவதாகத்தான் எனக்குப் பட்டது.

"ஸ்டூலு வேணாம். வழி வுடு."

"வழி இல்லாமயா? கொஞ்சம் குனிஞ்சு அந்தாண்ட போங்க."

"குனியச் சொல்றியா? கொடி சுத்திக்கட்டும்னு சொல்றியாடா?"

"யோவ், வாய்யா இப்படி" என்று கலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எனக்குத் தாகமே இல்ல. மஹாலட்சுமி தண்ணி குடுப்பாங்க. வா."

ஜெயக்குமார் இழையைக் கையிலிருந்து விட்டான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எத்தினி தெரு இருக்குது. தெனம் தெனம் எங்க தெருவுலதான் வந்து ஊர்வலம் போவணுமா ஒங்க காலனி ஆளுங்க?"

ஒங்க காலனி ஆளுங்க என்று சொன்னானே, அது போதும் எனக்கு. அது வரைக்கும் என்னைத் தடுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அறுந்தது. பாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி அவன் மூக்கில் குத்தினேன். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரத்தம் அவன் வாயிலும் மோவாயிலும் இறங்கி, மஞ்சள் பட்டு மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவன் கீழே கிடந்த மூங்கிலை எடுத்து என் தோளில் இறக்கினான். இன்னொன்று என் காதுக்கு மேல் விழுந்தது. கண் இருட்டியது. நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். ஈர நூலைப் பிடிக்கிற அதே பிடி. இரண்டு பேருமாக மூங்கில் கால் மேல் சரிந்தோம். அது முறிந்தது. விறைப்பாக நின்ற பாவு ஒரு பக்கம் தொய்ந்து தரையைத் தொட்டது.

"டேய், பாவுடா! பாவுடா!" என்று கத்தினார் கிழவர் திருஞானசம்பந்தம். எங்களை விலக்குவதா, நூலைத் தூக்கிப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

நான் ஜெயக்குமார் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்திருந்தேன். அவன் என் கட்டைவிரலைக் கடித்தான், எலும்பு வரை. நான் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். வுடுய்யா, வுடுய்யா என்று ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை. முழங்கையைப் பின்னால் வீசினேன்.

முழங்கை பட்ட இடம் மெத்தென்று இருந்தது. திரும்பிப் பார்க்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

கலை பக்கவாட்டில் விழுந்திருந்தாள். ஒரு கை தரையில் ஊன்றியபடி மடங்கியிருந்தது. இன்னொரு கை வயிற்றின் மேல். கத்தவில்லை. தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"ரத்தம் வருது" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. "என்ன இடது பக்கமா படுக்க வைங்க."

மஹாலட்சுமி ஓடி வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கிட்டே போனேன். கலை என் கையைத் தள்ளிவிட்டாள். ஜெயக்குமாரின் ரத்தம் அந்தக் கையில் ஒட்டியிருந்தது.

தெருமுனையில் சிட்டிபாபுவின் ஆட்டோ நின்றது. கூப்பிட்டார்கள். அவன் தெருவுக்குள் திருப்பி, பாவு கிடப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டான். "பட்டுய்யா! எப்டி வர்றது?"

"மேல ஏத்து!" மஹாலட்சுமி போட்ட கூச்சல் எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. "பாத்துக்கினு நிக்கிறியே, மேல ஏத்துயா!"

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டோ பாவின் மேல் ஏறி வந்தது. முன் சக்கரம் இழைகளைச் சுருட்டி இழுத்தது. மூங்கில் கால்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. பத்தடி வந்ததும் சக்கரம் இறுகி நின்றது. சிட்டிபாபு முறுக்கினான். வண்டி உறுமியது, நகரவில்லை.

நான் ஓடிப் போய்ச் சக்கரத்தில் கை வைத்து இழுத்தேன். பட்டு நூலை இழுத்து அறுக்க முடியாது. இருபது வருஷமாக அதைப் பிழிகிறவன், எனக்குத் தெரியாதா? இழுக்க இழுக்க என் விரலைத்தான் அறுத்தது. ஜெயக்குமார் ஒரு பிளேடோடு வந்தான். என்னைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு ரோட்டில் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்கு அடியில் தலையைக் கொடுத்தான். மூக்கு ரத்தம் தொண்டைக்குள் இறங்கி இருமினான். இருமிக்கொண்டே அறுத்தான். கொத்துக் கொத்தாகப் பட்டு அறுந்து விழுந்தது. "ஓட்டு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆட்டோவில் பின்னால் கலையும் மஹாலட்சுமியும். நான் சிட்டிபாபுவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"ஆடுதாக்கா?" என்று கேட்டாள் மஹாலட்சுமி.

"தெரில."

ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கலை அதே பதிலைச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு லேடி டாக்டர் வெளியே வந்து, "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டார். வழுக்கி விழுந்தாள் என்று சொல்ல வாய் வந்தது.

"நான்தான் இடிச்சேம்மா. ஒருத்தன அடிச்சுக்கினு இருந்தேன். முழங்கை பட்டுடுச்சி."

அவர் என் காதிலும் கையிலும் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டு உள்ளே போனார். அவர் என்னை ஓர் அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சுவரில் தலையை மோதினேன். இரண்டாவது தடவை மோதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை, "யோவ், உள்ள புள்ள பொறந்துக்கினு இருக்குது, சத்தம் போடாத" என்று அதட்டினாள். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மஹாலட்சுமி வந்து சொன்னாள். "துடிப்பு கேக்குதாம். நானும் கேட்டேன். குதிர ஓடற மாதிரி கேக்குது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள்.

ரத்தம் மறுநாள் நின்றது. வயிறு இறுகுவதும் மருந்தில் அடங்கியது. அந்த வார்டில் பெண் துணை மட்டும்தான். ஏஞ்சல் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் ஜெயக்குமார் வீட்டுக்குப் போனேன். மூக்கில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அறுந்து சிக்கான பட்டு வாசலில் ஒரு குவியலாகக் கிடந்தது. கிழவர் அதிலிருந்து ஓர் இழையை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அடிப்பா" என்றேன். "எவ்ளோ வேணுமோ அடி. கையத் தூக்க மாட்டேன்."

"ஒன்ன அடிச்சா அது ஒட்டிக்குமா?" என்றான் ஜெயக்குமார் குவியலைக் காட்டி. மூக்கடைப்பில் பேச்சு கொழகொழத்தது. "ஒன் மூஞ்சியப் பாத்தாலே வலிக்குது, போய்யா."

நான் படி இறங்கினேன்.

"கொழந்த?"

"இருக்குது."

"ம்" என்றவன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் பார்வை நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். கலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் கட்டு. நான் கால்மாட்டில் நின்றேன்.

"மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. நல்லா இருக்குதாம். நாளையிலிருந்து சாப்ட்டுட்டு வராண்டால மெதுவா நடக்கச் சொல்லிட்டாங்க. சுகரு ஏறுது."

"நான் காலையிலயே வந்துடறேன். தூரமா நின்னுக்கறேன்."

"வராத."

"கலை..."

"கேளுய்யா. நீ பின்னால வந்தா எனக்கு வயிறு இறுகுது. பயத்துல இறுகுது. ஒன்ன பாத்து இல்ல. நீ எவன் மேல பாயப் போறன்னு. அத நெனச்சிக்கினே நடந்தா நடக்கிறதுல இன்னா புண்ணியம்?" அவள் குரல் ஏறவில்லை. "இன்னும் அஞ்சு வாரமாவது இது உள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. இனிமே நீ எவனயாவது அடிச்சேன்னு என் கண்ணுல பட்டாலும் சரி, காதுல வுழுந்தாலும் சரி, இங்கிருந்து நேரா தென்னேரிதான். புள்ளயப் பாக்கவும் வராத."

"ஆவட்டும்" என்றேன்.

வராதே என்றாள்தான். மறுநாள் காலை வந்துவிட்டேன். வார்டுக்கும் வெளி நடைக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பிக் கதவு. அதன் ஓரமாக நின்றால் வராண்டா முழுக்கத் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் நான் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கம்பியில் முகத்தை வைத்தேன்.

"யோவ்! இன்னா அங்க எட்டிப் பாக்கிற? பொம்பளைங்க வார்டு!"

காவலாளி. சட்டைப் பையின் மேல் முனிசாமி என்று பெயர் தைத்திருந்தது. பெரிய மீசை. கையில் தடி.

"என் வூட்டுக்காரம்மா உள்ள இருக்குது. ஒரு நிமிஷம்ணே."

"எல்லாப் பேமானியும் இதத்தான் சொல்றான். கெளம்பு." தடியை நெஞ்சில் வைத்துத் தள்ளினான். சுவரில் போய் மோதினேன், மூங்கிலடி பட்ட அதே தோள். திரும்பி வந்தேன். அவன் கையை வீசி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காதுக்குள் கூவியது. வாயில் உப்புக் கரித்தது.

கை தானாக மடங்கியது. அவன் தொண்டைக் குழி எனக்கு நேராக இருந்தது. எந்த இடத்தில் பிடித்தால் எத்தனை நொடியில் அவன் முழங்கால் தரையில் படும் என்று என் கைக்குத் தெரியும். தோளிலிருந்து விரல் நுனி வரை முறுக்கு ஏறியதை உணர்ந்தேன்.

அப்போது வராண்டாக் கோடியில் கலை வந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில். பக்கத்தில் ஏஞ்சல் தண்ணீர் பாட்டிலோடு. ஏஞ்சலிடம் ஏதோ சொல்லிக்கொண்டே அடி எடுத்து வைத்தவள், இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு நின்றது. கால் நின்றது. இடுப்பிலிருந்த கை வயிற்றுக்குப் போனது.

தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. அதைக் கீழே போடவும் முடியவில்லை. அப்படியே முனிசாமியின் தோளைச் சுற்றிப் போட்டு அவனை என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல கலை! அண்ணன்தான்! நம்ம ஏரியா அண்ணன்! பேசிக்கினு இருக்கோம்!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டேன்.

முனிசாமி திமிறினான். "யார்ரா ஒனக்கு அண்ணன்? கைய எட்ரா, டேய்!" தடியின் முனையால் என் விலாவில் இடித்தான். நான் விடவில்லை. இடிக்க இடிக்க இன்னும் சத்தமாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிண்ணே" என்று அவன் காதருகே கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவ சிரிச்சுடுண்ணே. அப்புறம் கீழ இட்டுக்கினு போயி எவ்ளோ வேணா அடி."

அவன் வராண்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த வயிற்றைப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஆனால் தடியை இறக்கிக்கொண்டு, "நடம்மா நீ, ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினான்.

கலை எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. பிறகு ஏஞ்சலிடம் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.